ஓய்ந்த இரவில் எரிமீன் பாதையை வரைவது: நாங்குநேரித் தம்பிக்கு ஒரு பதில்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இயற்பியல் மூன்றாம் வருடம் படிக்கிறார், மொட்டை மாடியில் படுத்து எரிமீன் எண்ணுகிறார். பெரிய பொழிவு, அதாவது ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதுபோல எரிமீன்கள் கூட்டமாக விழுவது, இல்லாத சாதாரண இரவுகளில் மணிக்கு ஐந்தாறுதான் தேறுகிறதாம். அவற்றின் பாதையை வான்வரைபடத்தில் கோடாக வரைந்து வைத்தால் பயன் உண்டா, கேமரா வந்துவிட்ட காலத்தில் இது வெட்டி வேலையா, வரைவதென்றால் எப்படி, எது எந்தப் பொழிவைச் சேர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. அம்பாசமுத்திரத்தில் ஒரு நண்பரும் சேர்ந்துகொள்ள ஆசைப்படுகிறாராம்.

கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதோடு கண் போட்டி போட முடியாது. ஒரே எரிமீனை இரண்டு மூன்று இடங்களிலிருந்து கேமராக்கள் பிடித்து, அந்தத் துகள் சூரியனைச் சுற்றிவந்த பாதையையே கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன. நீங்கள் வரையும் கோடு சில பாகைகள் தவறும். கேமரா பாகையின் சிறு பின்னம் மட்டுமே தவறும். ஆகவே புதுப் பொழிவு ஒன்றைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கலாம் என்ற எண்ணத்தில் பென்சிலை எடுக்க வேண்டாம் தம்பி.

ஆனால் கண்ணால் எண்ணும் கணக்கு இன்னும் சாகவில்லை. 1988-இல் தொடங்கிய சர்வதேச எரிமீன் அமைப்பு, ஐஎம்ஓ என்று சொல்வார்கள், உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் கண் எண்ணிக்கையை இன்றும் வாங்கிச் சேர்க்கிறது. அந்த எண்ணிக்கையில்தான் கோட்டுக்கு வேலை இருக்கிறது. டிசம்பர் 14-ஐ ஒட்டிய ஜெமினிட் உச்சத்தில் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு விழும். அப்போது வரையக் குனிந்தால் நஷ்டம்தான், ஏனென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் அரை நிமிடமாவது கண் வானத்தை விட்டுப் போகும். மணிக்கு இருபதுக்கு மேல் போனால் வரைவதை நிறுத்திவிட்டு எண்ண மட்டும் செய்யுங்கள். ஓய்ந்த இரவில் நிலைமை தலைகீழ். மணிக்கு ஐந்து எரிமீன் வரும்போது அதில் ஒன்று ஒரு சின்னப் பொழிவைச் சேர்ந்ததா, சும்மா திரிந்த தனித் துகளா என்று படுத்தபடி சொல்வது வெறும் ஊகம். கோடு இருந்தால் காலையில் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம், வேறொருவரும் சரிபார்க்கலாம். கூட்டமான இரவில் வரையாதீர்கள், ஓய்ந்த இரவில் வரையாமல் பெயர் வைக்காதீர்கள்: என் பதிலின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. திருநெல்வேலி வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. வடக்கு வானத்துப் பெரும் பொழிவுகளை ஐரோப்பாக்காரர்கள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள். பெர்சீட் பொழிவு புறப்படுகிற புள்ளி, அதாவது ரேடியன்ட், நமக்கு விடியும் நேரத்தில்கூட 41 பாகை உயரத்தைத் தாண்டாது. தெற்கு வானத்துச் சின்னப் பொழிவுகள் கதை வேறு. பிப்ரவரி 8-ஐ ஒட்டி ஆல்பா சென்டாரிட், மார்ச் 14-ஐ ஒட்டி காமா நார்மிட், டிசம்பர் முதல் பாதியில் அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே பப்பிட்-வெலிட். காமா நார்மிட் ரேடியன்ட் லண்டனில் எந்நாளும் அடிவானத்துக்கு மேலே வராது. நமக்கு 31 பாகை வரை ஏறும். பார்க்க ஆள் குறைவான பொழிவுகள் இவை, அதனால்தான் வரையத் தகுந்தவையும்கூட.

வரைபடத்துக்கு வருகிறேன். நட்சத்திரப் படம் எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்துவிடக்கூடாது. எரிமீன் வானில் ஓடுவது ஒரு பெருவட்டத்தின், அதாவது வான்கோளத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின், துண்டு. பெரும்பாலான படங்களில் பெருவட்டம் வளைந்துதான் விழும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் திசை கெட்டுவிடும். பெருவட்டமெல்லாம் நேர்க்கோடாக விழும் படத்துக்கு நோமோனிக் வரைபடம் என்று பெயர். வான்கோளத்தின் நடுவில் கண்ணை வைத்து, நட்சத்திரங்களை ஒரு தட்டைத் தாளில் எறிந்தால் கிடைப்பது அது. ஐஎம்ஓ பயன்படுத்துவது பிர்னோ அட்லஸ், 12 தாள். அது கைக்கு வரும்வரை கம்ப்யூட்டரில் ஸ்டெல்லேரியம் என்ற வான்பட மென்பொருள் போதும். அதில் புரொஜெக்‌ஷனை ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று மாற்றினால் கிடைப்பது நோமோனிக் படம்தான். அறுபது எழுபது பாகை அகலத்துக்குமேல் விரிக்காதீர்கள், ஓரத்தில் கண்டபடி இழுக்கும். நிறத்தைத் தலைகீழாக்கி, வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக அச்செடுங்கள்.

சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. பரீட்சை அட்டை, 2பி பென்சில், சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிய சின்ன டார்ச், சரியான நேரம் காட்டும் கடிகாரம், கயிற்றுக் கட்டில் அல்லது ஈசிச்சேர். பேனா வேண்டாம். தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைப் பிளக்கும் என்பார்களே, அந்தப் பனியில் தாள் நமுத்துப்போகும், மை ஊறிவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் குப்புற வைத்துக் குரல்பதிவு ஓட விடலாம். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், அதற்கு நடுவில் ஒரு வாட்ஸ்அப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து.

இனி வரைகிற முறை. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். எரிமீன் ஓடி மறைந்ததும் தாளைப் பார்க்கக் கூடாது. கண் அங்கேயே இருக்கட்டும். ஒரு முழ நூலை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து, கையை நீட்டி, அது ஓடிய தடத்தின் மேல் பொருத்துங்கள். நன்றாகக் காய்ந்து நேராக இருக்கும் பனை ஈர்க்கும் இதற்கு ஆகும். விறைத்த நூல் கண்ணுக்கு எதிரே பெருவட்டத்தின் துண்டாகத்தான் தெரியும். அதனால் நூலைத் தடத்தில் வைத்துவிட்டால் முன்னும் பின்னும் அது எந்தெந்த நட்சத்திரத்தை உரசிப் போகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “மகத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவே, மகத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி.” இப்படி இரண்டு இடம் உறுதியானால் கோட்டின் கிடப்பு, அதாவது அது எந்த வாக்கில் கிடக்கிறது என்பது, உறுதி. அதன் பிறகு எங்கே தொடங்கியது, எங்கே அணைந்தது. அதற்கும் பிறகுதான் டார்ச். கோட்டை வரைந்து நுனியில் அம்புக்குறி, பக்கத்தில் வரிசை எண், நேரம் நிமிடத் துல்லியமாக இருந்தால் போதும்.

தொடக்கம், முடிவு, கிடப்பு இந்த மூன்றில் கிடப்புதான் உயிர். தொடக்கத்தைக் கண் பெரும்பாலும் தாமதமாகத்தான் பிடிக்கும், அதில் இரண்டு பாகை பிசகினாலும் கோடு அதே கோடுதான். கிடப்பு பிசகினால் அப்படி இல்லை. ஐந்து பாகை நீளமுள்ள குட்டிக் கோட்டில் ஒரு முனை அரைப் பாகை விலகினாலே திசை கிட்டத்தட்ட ஆறு பாகை சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த கோட்டை நாற்பது பாகை பின்னோக்கி நீட்டினால் ரேடியன்டை மூன்று நான்கு பாகை தாண்டிப் போகும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நம்பிக்கை மார்க் போடுங்கள்: நன்றாகப் பார்த்தது 1, சுமார் 2, சந்தேகம் 3. கடைக்கண்ணில் மின்னிப் போனதை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம், கோடாக வரையக் கூடாது. வரைந்தால் நீங்கள் வரைவது எரிமீனை அல்ல, உங்கள் விருப்பத்தை.

பளிச்சிட்ட அளவைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மேக்னிட்யூடாக, அதாவது எண் கூடக் கூட மங்கலைக் காட்டும் ஒளி அளவாக, குறியுங்கள். சித்திரை 1, சப்தரிஷி மண்டலத்தின் பெரும்பாலான நட்சத்திரங்கள் 2. வேகம் கொஞ்சம் கஷ்டம். ‘வேகமாகப் போச்சு’ என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. அதே வேகத்தில் ஒரு முழு நொடி ஓடியிருந்தால் எத்தனை பாகை கடந்திருக்கும் என்று மதிப்பிட வேண்டும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அகலம் சுமார் 10 பாகை, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கு இடையே நாலரை, மிருகசீரிடத்தை ஒட்டிய மூன்று பெல்ட் நட்சத்திரங்கள் முனைக்கு முனை மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பழகப் பழக மூன்று நான்கு பாகைக்குள் மதிப்பீடு வந்துவிடும்.

பெயர் வைப்பதைக் காலை வரை தள்ளிப்போடுங்கள். ரேடியன்ட் எங்கே என்று தெரிந்த கை தன்னையறியாமல் கோட்டை அந்தப் பக்கம் சாய்க்கும். என்னைக் கேட்டால், இரவில் கொண்டுபோகும் தாளில் ரேடியன்டைக் குறித்தே வைக்கக் கூடாது.

மார்ச் நடுவில் ஒரு விடியற்காலையை எடுத்துக்கொள்வோம். நாலு மணி வாக்கில் விருச்சிகம் தெற்கே நன்றாக ஏறி நிற்கும். அதன் தலைப்பக்கத்தில் மேலும் கீழுமாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் அனுஷம். தெற்கிலிருந்து வடக்காக அந்த மூன்றையும் ஒட்டியே ஒரு எரிமீன் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் ஒன்பது பாகை, முக்கால் நொடி. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நேர் தெற்கே 24 பாகை தள்ளி காமா நார்மிட் ரேடியன்டில் போய் விழுகிறது. உடனே பெயர் வைத்துவிடலாமா? இன்னும் இரண்டு சோதனை பாக்கி. பாதையின் நீளம், தொடங்கிய இடத்துக்கும் ரேடியன்டுக்கும் உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி 12, ஓடியது 9, சரி. அடுத்தது வேகம். இந்தத் துகள்கள் நொடிக்கு 56 கி.மீ. வேகத்தில் நுழைபவை. ரேடியன்டிலிருந்து அத்தனை தூரத்தில், அந்த உயரத்தில், நொடிக்கு 13 பாகை வாக்கில் ஓட வேண்டும். நாம் பார்த்தது முக்கால் நொடியில் ஒன்பது, அதாவது பன்னிரண்டு. இதுவும் சரி. அதே கோட்டில் இரண்டு நொடி சாவகாசமாக ஊர்ந்திருந்தால் திசை எவ்வளவு பொருந்தினாலும் அது நார்மிட் இல்லை.

ரேடியன்டைப் புள்ளியாக எடுக்காதீர்கள். நம் கையின் பிழைக்கும் இடம் கொடுக்க வேண்டுமே. எரிமீனுக்கும் ரேடியன்டுக்கும் தூரம் 15 பாகை என்றால் ரேடியன்டைச் சுற்றி 14 பாகை விட்டமுள்ள வட்டம், 30 என்றால் 17, 50 என்றால் 20 என்று ஐஎம்ஓ ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. நீட்டிய கோடு அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் போதும். அது பெரிய வட்டம், வேண்டாத ஆளும் உள்ளே வந்துவிடும். அதற்குத்தான் வேகச் சோதனை.

எத்தனை கிடைக்கும் என்று ஆசைப்படலாம்? காமா நார்மிட்டின் உச்சக் கணக்கு மணிக்கு 6. ஆனால் அது ரேடியன்ட் தலைக்கு நேர்மேலே, 6.5 மேக்னிட்யூட் வரை நட்சத்திரம் தெரிகிற வானத்துக்கான கணக்கு. ரேடியன்ட் 31 பாகையில் இருந்தால் பாதியாகி 3. உங்கள் மாடியில் 5.5 வரைதான் தெரிகிறது என்றால், அந்த ஒரு மேக்னிட்யூட் குறைவுக்காக அதை 2.4-ஆல் வகுக்க வேண்டும். ஆக மணிக்கு ஒன்று, சில நாள் இரண்டு. இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம் இருக்காது.

கோடுகளை மட்டும் நம்பி இறங்கினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து டபிள்யூ. எஃப். டென்னிங் நல்ல உதாரணம். தொழிலில் கணக்கர். பல ஆண்டுகள் விடாமல் எரிமீன் பாதைகளை வரைந்தவர். பெர்சீட் ரேடியன்ட் நாளுக்கு நாள் கிழக்கே நகர்வதைக் காட்டியவரும், 1920-இல் சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் ஒரு நோவாவை, அதாவது திடீரெனப் பளிச்சிடும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்ட கண். ஆனாலும் சில ரேடியன்டுகள் மாதக்கணக்கில் வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கின்றன என்று சாதித்தார். 1899-இல் அவர் வெளியிட்ட பெரிய ரேடியன்ட் பட்டியலிலும் அவை இருந்தன. பூமி சூரியனைச் சுற்றும்போது அதன் போக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை திரும்புகிறது. ஒரே பொழிவு மாதக்கணக்கில் ஒரே புள்ளியிலிருந்து வருவதாகத் தெரிய வாய்ப்பே இல்லை. பிழை எங்கே என்றால், வெவ்வேறு இரவுகளின், வெவ்வேறு வருடங்களின் கோடுகளை ஒன்றாகச் சேர்த்ததில். இருபது கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை தங்களுக்குள் 190 வெட்டுப்புள்ளிகள் வரை தரும். அதில் நாலு புள்ளி பக்கத்தில் பக்கத்தில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அமெரிக்க எரிமீன் சங்கத்தை 1911-இல் தொடங்கிய சார்லஸ் ஆலிவியர் இதை விடாமல் எதிர்த்தார். ஆகவே தம்பி, போன மாசத் தாளையும் இந்த மாசத் தாளையும் மேலே மேலே வைத்துப் பார்த்து எதையும் அறிவிக்காதீர்கள்.

சொல்லப்போனால் எரிமீன் பாதையைக் குறித்து வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்று 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு மீன் விழுந்ததைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். பங்குனி மாதம், நள்ளிரவு. உரைகாரர்கள் சொல்கிறபடி, உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, எதிரே மூலம் எழுகிறது, மிருகசீரிடம் மேற்கே இறங்குகிறது. விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. நாடெல்லாம் வெளிச்சம் பரப்பியது என்று பிரகாசத்தையும் விடவில்லை. சேரமன்னன் இறந்ததற்கு அதை நிமித்தமாக்கியதை விட்டுவிடுவோம். மாதம், நேரம், மூன்று அடையாள நட்சத்திரம், திசை, ஒளி: பதிவு என்ற அளவில் குறை சொல்ல முடியாது. பங்குனி நள்ளிரவில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் அந்த மூன்று நட்சத்திரமும் இன்றும் அவர் சொன்ன நிலையில்தான் நிற்கும்.

நம் சீமையில் இதற்கேற்ற காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம், ஜெமினிட்கூடப் பல வருடம் மேகத்தில் போய்விடும். ஆனி ஆடியில் கணவாய் வழியே வரும் காற்றும் மேகமும் பார்க்க விடாது, தாளும் பறக்கும். சித்திரைக் கடைசியில், மே 6 வாக்கில், ஈட்டா அக்வாரிட் நமக்கு அருமையான பொழிவு. நாலரை மணிக்கு ரேடியன்ட் நாற்பது பாகையை நெருங்கிவிடும். ஆனால் அது முக்கியமாக எண்ணுகிற இரவு. ஊரில் கோயில் கொடை நடக்கிற நாளில் மாடியை நம்ப வேண்டாம், சீரியல் லைட்டும் டியூப்லைட்டும் வானத்தைக் கழுவிவிடும். இடம் என்று பார்த்தால், காமா நார்மிட்டுக்குத் தெற்கு அடிவானம் இருட்டாக வேண்டும். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைச் சிவப்பு விளக்குகள் ஒன்றாக மினுக்கும். அவை கண்ணைக் கெடுப்பதைவிடக் கவனத்தைத்தான் கெடுக்கும். உவரிக் கடற்கரை நல்லது. காரையாறு, மாஞ்சோலை என்று புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரியில் போக நினைக்காதீர்கள், அனுமதியும் கிடையாது, நல்லதும் இல்லை. குளத்துக்கரையோ பனங்காடோ, எங்கே போனாலும் தரையில் படுக்காமல் கட்டில் கொண்டுபோங்கள். விரியன் நடமாட்டம் ராத்திரியில்தான்.

அம்பாசமுத்திரத்து நண்பரை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் மாடிக்கு வரச்சொல்லாதீர்கள். அவர் ஊரிலேயே இருக்கட்டும். 1798-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டெஸ், பென்சென்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் சில கி.மீ. தள்ளி நின்று ஒரே எரிமீனை இரண்டு பேரும் வரைந்தார்கள். நட்சத்திரப் பின்னணியில் அது இடம் மாறித் தெரிந்த அளவைக் கொண்டு, எரிமீன்கள் மேகத்துக்கெல்லாம் எத்தனையோ உயரத்தில், நூறு கி.மீ. வாக்கில் எரிகின்றன என்று முதன்முதலாகக் காட்டினார்கள். நாங்குநேரிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 30 கி.மீ. உங்கள் தலைக்கு மேல் எரிவது அவருக்குப் பதினைந்து பாகைக்கு மேல் தள்ளித் தெரியும். உங்கள் கோட்டில் நாலு பாகை பிழை இருந்தாலும் உயரம் கால் பங்குத் தவறுக்குள் வந்துவிடும்.

இதற்கு மட்டும் நிமிடக் கணக்கு போதாது. மாலையில் இரண்டு பேரும் கடிகாரத்தை நொடிவரை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். இருவர் பார்வையும் ஒரே காற்றுமண்டலப் பகுதியில் விழ வேண்டும். நீங்கள் வடமேற்கே சாய்ந்து பாருங்கள், அவர் தென்கிழக்கே பார்க்கட்டும், இரண்டு பேரும் 70, 80 பாகை உயரத்தில். ராத்திரியில் போனில் பேசிக்கொள்ளக் கூடாது, ‘இப்ப ஒண்ணு போச்சே, பாத்தியா’ என்ற ஒரு வாக்கியமே அவர் கையைச் சாய்த்துவிடும். காலையில் நேரங்களை ஒப்பிட்டு, பத்து நொடிக்குள் பொருந்துகிற ஜோடிகளை மட்டும் எடுத்து வையுங்கள். ஓய்ந்த இரவாக இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேறு எரிமீன் விழுந்து குழப்புவது அரிது, ஜோடி சேர்ப்பதும் லேசு.